பழகிப்போச்சு என்றால் பூச்சியம்

பூச்சியம். இதற்கும் பூச்சியம். இதோ இதற்கும். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் இதை? நாள் முழுக்க நனைந்த படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் நிற்கிறவளுக்கு மனதில் ஒன்றுமே இல்லை என்று எந்தக் கண்ணால் பார்த்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. 'யசோதினி, இந்த "ப" என்ன?' என்று. அவ்வளவுதானே. ஒரு வார்த்தை.

இவ்வளவையும் மனதுக்குள்ளேயே கேட்டுவிட்டு யசோதினி கைபேசியை அணைத்துப் பையில் போட்டாள். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ். பக்கத்து இருக்கைக்காரர் லீக்ஸ் மூட்டையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்கினார். இரண்டு வளைவு போவதற்குள் அவள் மறுபடி கைபேசியை எடுத்தாள். அட்டவணை அப்படியே இருந்தது. பூச்சியங்கள் வரிசையாக, ஒழுங்காக, ஒன்றன்கீழ் ஒன்று.

அவள் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் கொழும்புக்குப் போய்த் தொழில்சார் சுகாதார உளவியலில் முதுமாணிப் படிப்பு. மனிதர்கள் செய்கிற வேலை அவர்களுடைய மனதை என்ன செய்கிறது என்று பார்க்கிற படிப்பு. ஆய்வுக்காக அவள் எடுத்துக்கொண்டது கொழுந்து பறிக்கிற பெண்களை. வேறு எங்கேயும் போகவில்லை. தாய் பெரியாயி இன்றைக்கும் கூடையோடு ஏறுகிற அதே தோட்டம். ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டாள். இது உங்களை வருத்துகிறதா? ஒருபோதும் இல்லை என்றால் பூச்சியம். எப்போதும் என்றால் நான்கு. நடுவில் மூன்று படிகள். இந்த ஐந்திலும் அடங்காத ஒரு விடையை அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"பழகிப்போச்சு."

அதற்கு எந்த எண்ணையும் போட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த இடங்களில் எல்லாம் 'ப' என்று ஓர் எழுத்தை இட்டு வைத்தாள். ஆய்வை மேற்பார்வை செய்கிற கலாநிதி மர்லியா, அத்தனை 'ப'வையும் பூச்சியமாக்கி நேற்று அனுப்பியிருந்தார். கணினியில் அதற்கு ஒரே கட்டளை போதும். இதைத் தேடு, அதை வை. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. கூடவே ஒரு குறிப்பு: 'சின்னத் திருத்தம் ஒன்று. சராசரி இப்போது அழகாக வருகிறது. நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள், தோட்டக் கம்பனியிலிருந்து ரஜீவும் வருகிறார். இருந்து முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவோம்.'

அழகாகத்தான் வந்திருந்தது. அந்த அட்டவணையின்படி, தோட்டத்துப் பெண்கள் கொழும்பு வங்கியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள்.

பல்லைக் கடித்திருப்பது தாடை வலித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

இந்தக் கோபம் புதிதில்லை. சின்ன வயதிலிருந்தே அவளோடு இருந்தது. ஆனால் அது அம்மாவின் மேல் இருந்தது. விடியும் முன்னே போய்விடுகிற அம்மா. திரும்பி வந்தால் பேசாத அம்மா. பரீட்சையில் முதலாவதாக வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிற அம்மா. மற்றப் பிள்ளைகளின் அம்மாமாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. என் அம்மாவுக்கு என் மேல் பிரியம் இல்லை என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை முடிவெடுத்தால், அந்த முடிவை எவரும் வந்து திருத்துவதில்லை. அது உள்ளேயே கிடந்து இறுகிப்போகிறது.

முதுமாணி வகுப்பின் முதல் நாள் விரிவுரையாளர் பலகையில் இரண்டு கோடுகள் கீறினார். ஒன்று, வேலை எவ்வளவு பாரமானது. மற்றது, அந்த வேலையில் உன் சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது. பாரம் கூடி, சொல்லுக்கு இடமே இல்லாமற் போனால் மனிதர் உள்ளுக்குள் ஓய்ந்துபோவார்கள் என்றார். வீட்டுக்குத் திரும்பினாலும் பேசமாட்டார்கள், பிள்ளைகளின் மேல்கூட மனம் செல்லாது, அது அவர்களுடைய குணம் என்று எண்ணிவிடாதீர்கள் என்றார். உதாரணத்துக்குத் தாதிமாரைச் சொன்னார், வங்கிக்காரர்களைச் சொன்னார், நாள் முழுக்கத் தொலைபேசியில் பதில் சொல்கிறவர்களைச் சொன்னார். வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த யசோதினிக்கு அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. சுவரில் சாய்ந்து சரிகிற முதுகு. இருபது வருஷமாக ஆள் மாறிக் கோபப்பட்டிருக்கிறேனே என்று அந்த வாங்கிலேயே அவளுக்கு விளங்கியது.

அன்றைக்கே ஆய்வின் தலைப்பையும் முடிவுசெய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைமடுவம் பூட்டிக் கிடக்கும். வேலைநாட்களில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். லயத்தில், அந்த ஒட்டு வரிசை வீடுகளில் வைத்துக் கேட்டால் புருஷன்மார் காதில் விழும் என்று கருப்பம்மா சொன்னதால், அங்கேதான் கேள்விகள் நடந்தன. கருப்பம்மா அம்மாவோடு ஒரே நிரையில் நின்று பறிக்கிறவள். வாய்க்காரி.

"டாக்டரம்மா வந்துருச்சு. எல்லாரும் நாக்க நீட்டுங்கடி" என்றாள் முதல் நாள்.

"நான் டாக்டர் இல்ல அத்த. ஊசியெல்லாம் போட மாட்டேன்."

"அப்பறம் என்னாத்துக்கு அம்புட்டுத் தூரம் போயிப் படிக்கிற? ஊசி போடத் தெரியாதாம், படிப்பாம்."

சிறிய பாய்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். யசோதினி முதல் கேள்வியை எடுத்தாள். மன அழுத்தம் என்று தாளில் இருந்தது. அது இவர்களுக்கு எட்டாது என்று நினைத்து, "வேலையில ஒங்களுக்கு பிரஷர் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லாம? கிளினிக்ல குளிசை குடுத்திருக்காங்கள்ல. காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு."

"அது ரெத்த பிரஷர் அத்த. நான் மனசக் கேக்குறேன்."

"மனசுக்கும் அதே குளிசையத்தான் முழுங்குறேன்."

"எனக்குக் குளிசையே குடுக்கல" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. "அப்ப எனக்கு மனசே இல்லேன்னு எழுதிக்க."

மடுவமே சிரித்தது. யசோதினியும் சிரித்தாள். பிறகு மலையில் வேலை செய்கிற நேரத்தைப் பற்றிய கேள்விக்கு வந்தாள். அவசரத் தேவைகளுக்கு ஒதுங்க இடமில்லாதது உங்களை வருத்துகிறதா?

சிரிப்பு நின்றுபோனது. தேயிலை மலையில் கழிப்பறை கிடையாது. லயத்துக்கு இறங்கி ஏறினால் நேரம் போகும், கொழுந்து குறையும். நிறுவையில் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது நாள் முழுக்க நின்றும் பாதி நாட்சம்பளம். செடிகளுக்குள் ஒதுங்கலாம் என்றால் அட்டை, மேலே நின்று பார்க்கிற கங்காணி. அதனால் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. மத்தியானமும் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. மாத விலக்கு நாட்களில் என்ன செய்கிறார்கள் என்பதைத் தாழ்ந்த குரலில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சொன்னார்கள்.

"இது ஒங்களுக்கு எப்பவும் கஷ்டமா இருக்கா, அடிக்கடியா, சில நேரமா?"

"பழகிப்போச்சு" என்றாள் கருப்பம்மா.

"அது இதுல இல்ல அத்த. இந்த அஞ்சுல ஒண்ணு சொல்லுங்க."

"எனக்கு வாயில வந்தது அதான். ஓந்தாள்ல இல்லேன்னா நான் என்னாடி செய்ய?"

அடுத்தவளிடம் கேட்டாள். "பழகிப்போச்சு." குளவி கொட்டுவதைப் பற்றிக் கேட்டாள். "பழகிப்போச்சும்மா." கங்காணியின் பேச்சைப் பற்றிக் கேட்டாள். "அவென் வாயா? அது எப்பயோ பழகிப்போச்சு." குளிசை இல்லாதவளும் அதையேதான் சொன்னாள். மூன்றாவது ஞாயிறு அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் யசோதினிக்கு உடம்பு பற்றி எரிந்தது. வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொன்னால் என்ன? இங்கே யார் இருக்கிறார்கள், நான்தானே? சொல்லுங்களேன். ஒரு தடவையாவது கத்துங்களேன்.

அந்தக் கோபத்தோடு கொழும்புக்குப் போனபோதுதான் அது நடந்தது. விடுதியில் அவளுடைய அறைத்தோழி ஜிப்னா, அக்குறணை ஊர் முஸ்லிம் பெண். வைத்தியரிடம் போய்விட்டு வந்து கட்டிலில் சுருண்டு கிடந்த யசோதினியைப் பார்த்து, "யூரின் இன்ஃபெக்ஷன் திரும்பவுமா? நீங்க தண்ணியே குடிக்கிறல்லதானே. நானும் பார்த்துட்டுத்தான் ஈக்கிறேன், காலையிலேந்து ஒரு சொட்டு இல்ல" என்றாள்.

"அது பழகிப்போச்சு" என்றாள் யசோதினி.

சொல்லி முடித்த பிறகு அவள் எழுந்து உட்கார்ந்தாள். அடிவயிறு சுண்டி இழுத்தது. கொழும்பில் மாடிக்கு மாடி கழிப்பறை இருந்தது. அவளை நிறுத்துவதற்கு எந்தக் கங்காணியும் இல்லை. மலையில் ஒரு நாளும் கொழுந்து பறித்ததில்லை. இருந்தும் விடியற்காலையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்கிற அம்மாவைப் பார்த்து வளர்ந்த உடம்பு, கேட்காமலே அதைப் படித்துக்கொண்டிருந்தது. வலிக்கிறதா என்றால் வலிக்கிறது. இந்த நிமிஷமும் வலிக்கிறது. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்?

வலிக்காத எதற்கும் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று அவள் யோசித்தாள். வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் பழகிப்போச்சு என்கிறவர்கள் உண்டா? பிள்ளையை முத்தமிட்டுவிட்டு? முதலில் வலித்திருக்க வேண்டும். சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். சொன்னது எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் பிறகு, கேட்கிறவர் போய்விட்டால் போதும் என்று ஆனபிறகு வருகிற சொல் அது. வலி இல்லை என்பதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! அந்த வாரமே அட்டவணையைத் திறந்து, தான் வெறுமையாக விட்டிருந்த இடங்களில் எல்லாம் 'ப' என்று எழுதினாள். இதற்கு என்ன பொருள் என்று ஆய்வில் ஓர் அத்தியாயமே எழுதினாள். மர்லியாவுக்கு அனுப்பினாள். அந்த அத்தியாயத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எண்களைத்தான் திருத்தியிருந்தார்.

இன்றைக்குக் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவிடம், "மெடத்தப் பாக்கப் போறேன். சண்ட வரும் போலருக்கு" என்று சொல்லியிருந்தாள்.

பெரியாயி தலைத்துண்டை முடிந்துகொண்டே திரும்பினாள். "யாருகூட? அந்த மெடங்கூடயா? கொழும்புல ஒனக்கு எடம் புடிச்சுக் குடுத்த மனுசி, நோம்புக்குக் கஞ்சி குடுத்துவிட்ட மனுசி. அதுகிட்டப் போயி வாய் காட்டப் போறியா?"

"அவங்க நீங்க சொன்னத எல்லாம் மாத்திட்டாங்கம்மா."

"மாத்தட்டும். நாங்க சொன்னது என்னா பெரிய சாமி வாக்கா? வாய மூடிக்கிட்டுப் படிச்சு முடி. பட்டம் கைக்கு வந்தாத்தான் ஒனக்கு டவுன்ல ஆலோசகர் வேல கெடைக்கும்னு நீதானே சொன்ன? லயத்த விட்டுப் போவோம்னு நீதானே சொன்ன?"

"ஒங்களுக்குக் கோவமே வராதாம்மா?"

"வரும். ஒம்மேலதான் வருது இப்ப. நேரமாச்சு, பெரட்டுல பேர் குடுக்க மணி அடிச்சிருவாங்க."

அடிவயிற்றில் ஒரு கையை அழுத்திக்கொண்டு அம்மா படியிறங்கினாள். தினமும் அப்படித்தான் இறங்குகிறாள். அந்தக் கையைப் பார்த்ததும் யசோதினிக்கு அம்மாவை உலுக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

கொழும்பில் படிப்பிக்கிற மர்லியாவின் ஊர் வீடு பதுளைக் கடைத்தெருவில், அவருடைய சகோதரரின் இரும்புக்கடைக்கு மேல்மாடியில். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் தேநீர், ஒரு தட்டில் ரோல்ஸ். ரஜீவ் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். ஐந்து தோட்டங்களை நடத்துகிற கம்பனியில் தொழிலாளர் நலன் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் கம்பனியின் சின்னம்.

"வாங்க மிஸ். நீங்க பெரியாயி அக்கா மகதானே? நானும் லயத்துப் புள்ளதான். எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்" என்றான் எழுந்து நின்று. "ரிசல்ட் பாத்தேன். புல்லரிச்சுப் போச்சு. நான் எப்பவும் சொல்றதுதான், நம்ம சனத்த ஒண்ணும் அசைக்க ஏலாது. அவ்வளவு ஸ்ட்ரோங்."

"எத வச்சுச் சொல்றீங்க?"

"நீங்க எடுத்த கணக்க வச்சுத்தான். ஸ்ட்ரெஸ் இவ்வளவு குறைவா வேற எந்தக் கம்பனியில இருக்கு? வெளிநாட்டுல நம்ம தேயில வாங்குறவங்க இதத்தான் கேக்குறாங்க. இத இன்னும் வளத்தெடுக்கணும்னு டிரெக்டர் ஒரு புரோகிராம் போட்டிருக்காரு. காலையில பெரட்டுல பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி. நல்ல எண்ணம், சிரிச்ச முகம், இப்படி. அதுக்குப் பொறுப்பா உங்களப் போடலாம்னு பேச்சிருக்கு."

"அந்தப் பத்து நிமிஷம் வேலை நேரத்துலயா?"

"இல்ல, அதுக்கு முந்தி. கொஞ்சம் வெள்ளன வந்தாச் சரி."

வெள்ளன. அம்மா இப்போது எழும்புவது எத்தனை மணிக்கு என்று இவனுக்குத் தெரியாதா? இவனுடைய அம்மா எத்தனை மணிக்கு எழும்பினாள்? லயத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிற அந்த வாய்க்கு, இந்தச் சொல்லையும் சொல்வதற்கு எப்படி முடிகிறது? யசோதினி தேநீர்க் கோப்பையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"மலையில கக்கூஸ் கட்டுறதப் பத்திப் பேச்சு இல்லையா?"

ரஜீவ் வருத்தமாகச் சிரித்தான். "கட்டணும்னு எனக்கும் ஆசைதான் மிஸ். ஆனா அது பட்ஜெட் விஷயம். சர்வேயில ஒரு பிரச்சினையா வந்திருந்தா நானே மேல கொண்டுபோயிருப்பேன். அந்தக் கேள்விக்குத்தான் ஆகக் குறைவான மார்க். அவங்களுக்கே பெரிசாத் தெரியலையே."

யசோதினி மர்லியாவைப் பார்த்தாள். மர்லியா ரோல்ஸ் தட்டை ரஜீவின் பக்கம் நகர்த்தினார்.

ரஜீவின் கைபேசி அடித்தது. "டிரெக்டர்" என்று உதட்டசைவில் சொல்லிவிட்டு வெளியே பல்கனிக்குப் போனான். கீழே கடைத்தெருவில் ஒரு லொறி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. மர்லியா நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வகுப்பில் அவர் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். தனியாக இருக்கும்போது பேச்சு வீட்டுப் பேச்சாகிவிடும்.

"மொகத்த இப்பிடி வெச்சிட்டு ஈக்க வேணாம். செல்லுறதக் கேளுங்க. இந்த அளவுகோல் நாங்க செஞ்சதில்ல. ஒலகம் முழுக்கப் பாவிக்கிறது. அதுல 'ப' என்டு ஒரு விடை இல்ல. பரீட்சகர் கேட்டா என்னத்த செல்லுற?"

"அதுக்குத்தானே மெடம் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன்."

"வாசிச்சேன். நல்லா ஈக்குது. அதத் தனியா ஒரு கட்டுரையாப் போடுவோம், நானும் சேர்ந்து எழுதுறன். ஆனா பட்டம் வந்ததுக்குப் பொறகு. இப்ப வேணாம்."

"இப்ப பூச்சியம்னு போட்டுட்டு, பொறகு அது பூச்சியம் இல்லன்னு எழுதுறதா?"

"அப்பிடித்தான் எல்லாரும் செய்ற." மர்லியா குரலைத் தாழ்த்தினார். "வெளங்கிக்கொள்ளுங்க புள்ள. தோட்டத்துக்குள்ள போய்க் கேள்வி கேக்க அனுமதி தந்தது அந்தக் கம்பனி. அவங்க அத வாபஸ் வாங்கினா இந்த டேட்டாவ ஒண்டும் செய்யேலா. ரெண்டு வருஷம் போயிரும். திரும்ப வேற தலைப்பு, வேற எடம். அதுக்கு உங்களுக்கு லீவு தருவாங்களா? உம்மாவுக்கு வயசு போகுதில்லயா?"

அம்மா பெயரை அவர் எடுத்தது கெட்ட மனதோடு அல்ல. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஏசியிருந்தால் இவளும் ஏசியிருப்பாள். மர்லியா அவளுக்காகப் பயப்படுகிறார். நோன்பு மாதத்தில் விடுதிக்குக் கஞ்சி அனுப்பிய அதே கை இப்போது மேசையின் மேல் அவளுடைய கைக்கு அருகில் இருந்தது. அந்தக் கைதான் கணினிக்கு அந்தக் கட்டளையையும் கொடுத்தது. ஒருவர் மேல் நன்றியும் கோபமும் சேர்ந்து வந்தால் எதை முதலில் எடுப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

"மெடம், நீங்க பதுளையில பொறந்தவங்க. பழகிப்போச்சுன்னு சொன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

மர்லியா மேசையின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பூச்சியம் போட்டீங்களா?"

மர்லியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "உங்களக் கரை சேக்கணும் என்டுதான் போட்டேன்" என்றார். "கோவம் இப்ப சுகமாத்தான் ஈக்கும். நாளைக்கு அது சோறு தராது."

சுகமா? இது சுகமா? யசோதினிக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. கையை ஓங்கித் தட்டையும் கோப்பைகளையும் தள்ளிவிட்டால் கீழே இரும்புக்கடை வரைக்கும் சத்தம் கேட்கும். அப்படிச் செய்கிற ஒரு யசோதினியை அவள் மனதுக்குள் முழுதாகப் பார்த்தாள். அவள் கத்துகிறாள், ரஜீவ் ஓடி வருகிறான், மர்லியா அழுகிறார். பிறகு என்ன நடக்கும்? பாவம், படிப்புப் பாரம், மனம் சோர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். அவளுக்கும் ஒரு எண் போட்டுவிடுவார்கள்.

ரஜீவ் திரும்பி வந்தான். "டிரெக்டருக்கு ரொம்பச் சந்தோஷம். இன்னைக்கே அனுப்பிட்டா திங்கட்கிழமை அறிவிச்சிரலாம்னு சொல்றாரு. முடிஞ்சிச்சா மெடம்?"

"இதோ." மர்லியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிக்கணினியை யசோதினியின் பக்கம் திருப்பினார். எழுத்துத் தமிழுக்குத் திரும்பியிருந்தார். "கடைசியாக அனுப்புவது மாணவராகத்தான் இருக்க வேண்டும். வாசித்துவிட்டு உங்கள் பெயரை இட்டு அனுப்புங்கள்."

திரையில் பல்கலைக்கழகத்தின் பக்கம். அடியில் ஒரு வாக்கியம் இருந்தது: 'இதில் உள்ளவை பங்குபற்றியவர்கள் அளித்த விடைகளே என உறுதிப்படுத்துகிறேன்.' அதன் கீழே பெயருக்கான வெற்றுக்கட்டம்.

அவள் அந்த வாக்கியத்தை வாசித்தாள். அளித்த விடைகளே. பிள்ளைமடுவத்தின் சின்னப் பாய்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சொன்ன பெண்கள். அவர்களிடமும் வேண்டிய அளவு கோபப்பட்டாயிற்று. கத்தவில்லையே என்று, வாய் திறக்கவில்லையே என்று. திறந்துதான் இருந்தார்கள். ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், ஆனால் எல்லாரும் சொன்னார்கள். அவளை நம்பிச் சொன்னார்கள்.

"என்ன மிஸ் யோசன?" என்றான் ரஜீவ், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. "பேரப் போட்டு ஒரு தட்டு. அவ்வளவுதானே."

வாயைத் திறந்தால் குரல் உயர்ந்துவிடும் என்றுதான் பஸ் ஏறிய நேரத்திலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தாள். உயரவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை சொல்கிற குரல்தான் வந்தது.

"நான் அனுப்பல மெடம்."

"யசோதினி."

"அவங்க சொன்னது இதுல இல்ல."

"அப்ப ரெண்டு வருஷப் படிப்பு?" என்றான் ரஜீவ். உண்மையாகவே விளங்காதவன் போலக் கேட்டான். "அந்த வேல? யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

யசோதினி அவனைப் பார்க்கவில்லை. மர்லியாவைத்தான் பார்த்தாள். அவள் மடிக்கணினியை, பெயர் இடாத அந்தக் கட்டத்தோடு, மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இல்ல மெடம்" என்றாள். "என் பேர இதுல போட மாட்டேன்."